வண்ணத் தோல் ஜாக்கெட்: நிறம் ஏறுவதும் இறங்குவதும்

மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தோல் ஜாக்கெட் நெடுங்காலம் கறுப்பிலோ பழுப்பிலோதான் தைக்கப்பட்டது. 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் உருவாக்கிய, ஜிப் வைத்த ‘பெர்ஃபெக்டோ’ இந்த உடைக்கு ஒரு நிலையான வடிவத்தைத் தந்தது. 1953இல் வெளிவந்த ‘தி வைல்டு ஒன்’ திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ கறுப்புத் தோல் ஜாக்கெட்டுடன் தோன்றிய பிறகு, அந்த நிறமே உலகெங்கும் அடையாளமாகிவிட்டது. கறுப்புக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. எண்ணெய்க் கறை, சாலைப் புழுதி, மாட்டின் தோலில் முன்பே இருந்த தழும்பு, உண்ணிக் கடி என எல்லாவற்றையும் அது மறைத்துவிடும்.

1960, 70களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1967 டிசம்பர் 31 அன்று லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் நீரூற்றுகளைத் தாண்டக் குதித்த ஈவல் கனீவல் வெள்ளைத் தோல் உடை அணிந்திருந்தார். லண்டனின் லூயிஸ் லெதர்ஸ் கறுப்போடு சிவப்பு, நீலம், வெள்ளை ஜாக்கெட்டுகளையும் விற்றது. பந்தயக் களத்தில் விளம்பரதாரர்களின் நிறங்களும் அணி நிறங்களும் உடைக்கு வந்துசேர்ந்தன.

கறுப்பு ஜாக்கெட்டுகள் பழசாகும்போது ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஆகின்றன. வண்ண ஜாக்கெட்டுகள் அப்படியில்லை. ஒன்று கனிந்து ஆழமான நிறத்துக்கு வரும். இன்னொன்று திட்டுத்திட்டாக வெளுத்து, வெடித்து நிற்கும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே கடையில் ஒரே ஆண்டில் வாங்கியவையாக இருக்கலாம். அவற்றின் நிறம் ஒரே அடுக்கில் இல்லை என்பதே இதற்குக் காரணம். இழைகளில் ஊறிய சாயம், அதன்மேல் நிறமிப் படலம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற மெருகுப் படலம் என்று மூன்று அடுக்குகள் உண்டு. புதிதில் மூன்றும் சேர்ந்து ஒரே நிறமாகத் தெரிகின்றன. நாளடைவில் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் தேய்கிறது. பழைய ஜாக்கெட்டின் தோற்றத்தைத் தீர்மானிப்பது இந்த வேக வேறுபாடுதான்.

சாயத்துக்கு முன்பே இருக்கும் நிறம்

நீர் நீங்கலாக, பச்சைத் தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகள். அவை அழுகாமலும் காய்ந்து விறைக்காமலும் இருக்கச் செய்வதே பதனிடுதல். எந்தப் பொருளால் பதனிடப்படுகிறதோ அதன் நிறம் தோலில் நிலையாகத் தங்கிவிடுகிறது. ஆவாரம் பட்டை, கருவேலம் பட்டை, கடுக்காய் போன்றவற்றின் டானின்கள் தோலுக்கு மஞ்சள் கலந்த பழுப்பைத் தருகின்றன. இப்படிப் பதனிட்ட தோல் வெயில் பட்டால் மேலும் கறுக்கும், ஏனெனில் டானின்கள் ஒளியிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அதன்மேல் ஏற்றிய சிவப்பு செங்கல் நிறமாகவும், நீலம் அழுக்குப் பச்சையாகவும் சாயும். பளிச்சென்ற வண்ணத்துக்கு அது ஏற்ற அடித்தளம் அல்ல.

குரோமிய உப்பால் தோலைப் பதனிடலாம் என்பதை ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் க்னாப் 1858இல் எழுதினார். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் பெற்ற காப்புரிமைகளுக்குப் பிறகே அது தொழிலாக வளர்ந்தது. சென்னைக்குத் தெற்கே உள்ள குரோம்பேட்டையின் பெயரும் அங்கே இயங்கிய குரோம் தோல் ஆலையிலிருந்து வந்ததுதான். குரோமில் பதனிட்ட தோல் வெளிர்நீலமாக இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளில் அதற்கு ‘வெட் புளூ’ என்றே பெயர். இந்த வெளிர்நீலம் அடர் சிவப்பையும் அடர் நீலத்தையும் பெரிதாகக் கெடுப்பதில்லை. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு போன்றவற்றில்தான் அது அடியிலிருந்து எட்டிப் பார்த்து நிறத்தைச் சாம்பலாக்கும். அதனால் இந்த நிறங்களுக்கு வெளுப்பூட்டும் மறுபதனிடலோ, அடியைத் தெரியவிடாத நிறமிப் பூச்சோ தேவைப்படுகிறது.

டிரம்முக்குள் சாயம், ஸ்பிரேயில் நிறமி

சாயமும் நிறமியும் வேறு வேறு. சாயம் நீரில் கரைந்து, தனித்தனி மூலக்கூறாக இழைகளுக்குள் ஊறிப் பிணைந்துகொள்ளும். நிறமி கரையாத நுண்துகள். அக்ரிலிக், பாலியூரித்தேன், கேசின் போன்ற பிணைப்பான் ஏதேனும் ஒன்றில் கலந்து தோலின் மேல் படலமாக ஒட்டவைக்கப்படுவது. சாயம் ஊட்டிய தோலில் ஒளி இழைகளுக்குள் போய்ச் சிதறித் திரும்புகிறது. போகும்போதும் வரும்போதும் நிறத்தைக் கடப்பதால் கண்ணுக்கு ஆழம் தெரிகிறது. மயிர்த்துளைகளும் ரேகைகளும் மறைவதில்லை. நிறமிப் படலத்திலோ ஒளி மேலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. நிறம் சீராகவும் தட்டையாகவும் இருக்கும். அடியில் உள்ள குறைகள் தெரியா.

சாயம் ஏற்றுவது பெரிய சுழல் டிரம்மில். குரோம் தோல் அமிலத்தன்மையோடு இருக்கும்போது நேர்மின் ஏற்றம் கொண்டிருக்கும். அமிலச் சாயங்கள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. அப்படியே சேர்த்தால் சாயம் மேற்பரப்பிலேயே சட்டென்று பிடித்துக்கொண்டு உள்ளே போகாது. ஆகவே முதலில் தோலின் அமிலத்தைத் தணிக்க வேண்டும். அது எதுவரை தணிந்திருக்கிறது என்று பார்க்க, டிரம்மிலிருந்து ஒரு துண்டை நறுக்கி, வெட்டுமுகத்தில் புரோமோகிரெசால் பச்சைக் கரைசலைச் சொட்டுவிடுவார்கள். அமிலம் மிகுந்த இடம் மஞ்சளாகும், குறைந்த இடம் நீலமாகும், இடைப்பட்டது பச்சையாகும். இரண்டு ஓரமும் நீலமாகி நடுவில் மஞ்சள் கோடு ஓடினால் சாயமும் அந்தக் கோட்டருகே நின்றுவிடும். முகம் முழுதும் ஒரே நிறமானால் சாயம் மறுபுறம் வரை ஊறும். ஊறியபின் ஃபார்மிக் அமிலம் சேர்த்து அதைப் பிணைப்பார்கள்.

ஓட்டிகளின் ஜாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 1.1 முதல் 1.3 மி.மீ. தடிப்புள்ள மாட்டுத்தோல் பயன்படுகிறது. இந்தத் தடிப்பு முழுதும் சாயம் ஊறச் செய்ய நேரமும் சாயமும் கூடுதலாகச் செலவாகும். எனவே பல தோல்களில் மேற்பரப்பு மட்டுமே நிறம் பெறுகிறது. நடுப்பகுதி வெளிர்நீலமாகவோ சாம்பலாகவோ இருந்துவிடுகிறது. கடையில் இந்த வேறுபாடு தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு முழங்கையில் தெரியும்.

பளபளக்கும் சாயமும் வெளுக்காத சாயமும் பல நேரங்களில் ஒன்றாக அமைவதில்லை. குரோமியம் அல்லது கோபால்ட் அணுவைச் சேர்த்துக் கட்டிய உலோகச் சாயங்கள் ஒளியை நன்றாகத் தாங்கும். ஆனால் நிறம் சற்று மங்கல். எளிய அமிலச் சாயங்கள் பளிச்சிடும், சீக்கிரம் வெளுக்கும். சட்டமும் இதில் குறுக்கிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களை ஜெர்மனி 1990களின் நடுவிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2002இலும் தடை செய்தன. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் தமிழ்நாட்டு ஆலைகளும் தங்கள் சாயப் பட்டியலை மாற்ற வேண்டியிருந்தது.

சாயமிட்டு உலர்த்திய ‘கிரஸ்ட்’ தோல் ஃபினிஷிங் பிரிவுக்குப் போகிறது. அங்கே அடிப்பூச்சு, நிறமிப் பூச்சு, மெருகுப் பூச்சு என்று வரிசையாக ஸ்பிரே செய்து, சூடான தகட்டால் அழுத்தி மட்டப்படுத்துவார்கள். ஐரோப்பியத் தரநிலை மொழியில் பூச்சு 0.15 மி.மீ.யைத் தாண்டினால் அது சாதாரணத் தோல் அல்ல, பூச்சிட்ட தோல். கண்ணில் படும் நிறத்தின் பெரும்பகுதி இந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது.

புதிதில் பளிச்சிடுவது ஏன்?

நிறமற்ற மெருகுப் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அதன்மேல் நேராக விழும் ஒளியில் 4 விழுக்காடு, நிறத்தைத் தொடாமலே வெள்ளொளியாகத் திரும்பிவிடும். படலம் வழவழப்பாக இருந்தால் இந்த 4 விழுக்காடு முழுதும் ஒரே திசையில் பிரதிபலித்து, தோளிலும் கையிலும் ஒரு மினுக்காகத் தெரியும். மற்ற கோணங்களில் அது கண்ணுக்கு வராது. கலப்பற்ற நிறமே வரும். புது ஜாக்கெட்டின் நிறம் அடர்த்தியாகத் தெரிவதற்கு நிறமியின் அளவைப் போலவே இந்த வழவழப்பும் காரணம்.

எல்லா நிறமும் ஒரே அளவு பிரகாசிக்க முடியாது. ஒரு பரப்பு நிறச்செறிவோடு இருந்துகொண்டே எவ்வளவு பிரகாசமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இயற்பியல் எல்லை உண்டு. அதை 1935இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் மக்காடம் கணக்கிட்டார். மஞ்சள் பரப்பு சிவப்பு, பச்சை அலைநீளங்கள் இரண்டையும் திருப்பி அனுப்புகிறது. கண் அதிக உணர்திறனோடு பார்ப்பதும் அந்தப் பகுதியைத்தான். அதனால் மஞ்சள் ஒரே சமயத்தில் செறிவாகவும் பிரகாசமாகவும் இருக்க முடியும். அடர் சிவப்பும் அடர் நீலமும் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கித்தான் தங்கள் செறிவைப் பெறுகின்றன. அவை இயல்பிலேயே இருண்ட நிறங்கள். பழசாகும்போது நிறத்துக்கு நிறம் கோலம் மாறுவதற்கும் இதுவே அடிப்படை.

வெயில் எடுக்கும் நிறம்

வெளுப்பது என்றால் நிறம் தேய்ந்து உதிர்வது மட்டுமல்ல, மூலக்கூறு உடைவதும்தான். வளிமண்டலத்தைக் கடந்து தரைக்கு வரும் புறஊதாக் கதிர்களின் அலைநீளம் ஏறக்குறைய 290 முதல் 400 நானோமீட்டர் வரை. அந்த ஆற்றலை ஏற்ற சாய மூலக்கூறு கிளர்ந்து, ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து சிதைகிறது. நிறத்தைத் தரும் இரட்டைப் பிணைப்புகளின் தொடர் அறுந்ததும் நிறமும் போய்விடும். கண்ணாடி புறஊதாவில் ஒரு பகுதியைத் தடுத்தாலும் மிச்சமும், கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியும் உள்ளே வரும். கடையின் கண்ணாடிச் சன்னலருகே மாதக்கணக்கில் தொங்கிய ஜாக்கெட்டின் ஒரு தோள் மட்டும் வெளுத்திருப்பது இதனால்தான்.

ஓட்டியின் உட்காரும் நிலையும் வெளுப்பின் கோலத்தை வகுக்கிறது. முன்சாய்ந்து ஓட்டுபவரின் முதுகும் தோள்களும் கையின் வெளிப்புறமும் வானத்தைப் பார்த்திருப்பதால் அங்கேதான் முதலில் வெளுக்கும். அக்குள், காலர் மடிப்பின் அடிப்பக்கம், ஜிப்பை மூடும் பட்டையின் உட்புறம் ஆகியவை வெயில் காணாதவை. பழைய ஜாக்கெட்டின் முதல் நிறம் என்ன என்று அறியக் காலரைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

இரண்டு மூன்று நிறங்களைக் கலந்து உருவாக்கிய வண்ணம் வெளுக்கும்போது வேறு நிறமாகவே மாறிவிடக்கூடும். ஆரஞ்சில் மஞ்சள் முதலில் அழிந்தால் மிஞ்சுவது ரோஸ். பச்சையில் மஞ்சள் அழிந்தால் நீலம். கலவையில் உள்ள ஒவ்வொரு சாயத்துக்கும் ஒளியைத் தாங்கும் வலிமை வேறு. கறுப்பும்கூட இதற்கு விலக்கல்ல. சாயத்தால் மட்டுமே கறுத்த தோல் வெயிலில் செம்பழுப்பாகவோ பச்சை கலந்தோ சாயும். கரித்தூள் நிறமியால் கறுத்த தோல் அப்படிச் சாயாது.

தேய்வும் மடிப்பும்

ஜாக்கெட் அதிகம் தேயும் இடங்கள் மணிக்கட்டு விளிம்பு, பாக்கெட் வாய், காலர் ஓரம், தைத்து மடித்த எல்லாக் கரைகளும். முதலில் போவது மெருகுப் படலம். அதில் நுண்ணிய கீறல்கள் விழுந்ததும், முன்பு ஒரே திசையில் திரும்பிய அந்த 4 விழுக்காடு வெள்ளொளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. அது நிறத்தோடு கலந்து, மேலே மாவு பூசியதுபோல மங்கலாக்கும். ஒளியில் 5 விழுக்காடு மட்டும் திருப்பும் அடர் நீலத்தோடு இந்த 4 விழுக்காடு சேர்ந்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும். 60, 70 விழுக்காடு திருப்பும் மஞ்சளில் அது கண்ணில் படாது. ஆகவே அடர் நிறங்களில் கீறல் தெரியும், வெளிர் நிறங்களில் அழுக்கு தெரியும்.

இந்த மங்கலை நிறம் போய்விட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோலுக்கான கிரீமைத் தடவியதும் பழைய நிறம் திரும்புவதுபோலத் தோன்றும். கிரீமில் உள்ள எண்ணெயும் மெழுகும் கீறல்களை நிரப்பி, மேற்பரப்பை மறுபடி வழவழப்பாக்குவதே அதற்குக் காரணம். வெயிலில் உடைந்த சாயத்தை எந்தக் கிரீமும் திருப்பித் தராது.

மடிப்பின் கதை வேறு. முழங்கையும் இடுப்பும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை வளைகின்றன. தோல் இழைகள் அந்த வளைவுக்கு இசைந்து கொடுக்கும். நிறமிப் படலமும் அதே அளவு நீண்டு சுருங்கினால்தான் தாக்குப்பிடிக்கும். பதனிட்டபின் தோலில் ஊட்டிய எண்ணெய் காலப்போக்கில் குறைந்து, பிணைப்பானும் இறுகிவிட்டால் படலத்தில் நுண்வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பின் வழியே அடியில் உள்ள நிறம் தெரியத் தொடங்கும்.

சிவப்புப் படலத்தின் அடியில் சிவப்புச் சாயம் ஆழ ஊறியிருந்தால், வெடிப்பு ஓர் அடர்ந்த ரேகையாக மட்டும் தெரிந்து நிறத்துக்கு ஆழம் கூட்டும். அடியில் வெளிர்நீலமோ சாம்பலோ இருந்தால் வெள்ளைக் கோடுகளாகத் துருத்தும். ஜாக்கெட் கிழிந்ததுபோலத் தோன்றும். கறுப்புப் பூச்சின் அடியில் வேண்டுமென்றே பழுப்பை விட்டு, தேயத் தேயப் பழுப்பு வெளிவருமாறு செய்யும் தோலை ஜப்பானிய, அமெரிக்க ஜாக்கெட் ஆர்வலர்கள் தேடி வாங்குகிறார்கள். அதே இயக்கம் வண்ணத் தோலில் நிகழும்போது, உள்நிறம் மேல்நிறத்தோடு இசைந்தால் மட்டுமே அழகாகிறது.

தோலே அல்லாத பாலியூரித்தேன் துணி ஜாக்கெட்டில் நிலைமை இன்னும் மோசம். ஈரத்தால் பிளாஸ்டிக் படலம் சிதைந்து, செதில் செதிலாக உரிந்து, அடியில் உள்ள நெய்த துணி வெளியே தெரியும்.

வியர்வை, அழுக்கு, ஈரம்

காலரிலும் கைமுனையிலும் உடல் எண்ணெயும் வியர்வையும் தங்குகின்றன. எண்ணெய் காற்றோடு சேர்ந்து மஞ்சளாகும், படலத்தை மென்மையாக்கிப் பிசுபிசுப்பாக்கும், புகைக்கரியையும் பிரேக் தூளையும் பிடித்துக்கொள்ளும். மஞ்சள், வெள்ளை ஜாக்கெட்டுகளின் கழுத்துப் பகுதி கறுப்பது இதனால். அவற்றின் கீழ்விளிம்பில் படரும் நீலக் கறை பெரும்பாலும் ஜீன்ஸிலிருந்து வருவது. ஜீன்ஸின் அவுரி நீலம் இழையின் மேலே மட்டும் நிற்பதால் உரசினாலே ஒட்டிக்கொள்ளும்.

மழையில் நனைந்தால், சரியாகப் பிணையாத சாயம் இடம் பெயரும். சிவப்புத் துண்டையும் வெள்ளைத் துண்டையும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட்டில் தையலோரம் வெள்ளை ரோஸாவது இப்படித்தான். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் அலமாரியில் அடைத்துவைத்தால் பூஞ்சை பிடிக்கும். துடைத்தால் வெண்திட்டு போய்விடும். ஆனால் நெடுநாள் விட்ட பூஞ்சை தோலில் நிலையான கறையை விட்டுச்செல்லும்.

நிறத்துக்கு நிறம்

நீலமும் பச்சையும் நீடித்து நிற்பவை, அவை தாமிர தாலோசயனின் நிறமியால் ஆனவையாக இருந்தால். ஐ.சி.ஐ. நிறுவனம் 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த நிறமி ஒளியை மிக நன்றாகத் தாங்கும். நீல ஜாக்கெட் வெளுப்பதைவிடக் கீறலால் மங்குவதே அதிகம்.

சிவப்பின் ஆயுள் நிறமியின் தரத்தைப் பொறுத்தது. மலிவான அசோ சிவப்புகள் ஒரு சில கோடைகளில் ரோஸுக்கோ செங்கல் நிறத்துக்கோ இறங்கிவிடும். வாகனப் பெயின்டுக்கான தர நிறமிகள் பல ஆண்டுகள் தாங்கும்.

மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் முன்பு ஈயக் குரோமேட் நிறமிகள் பயன்பட்டன. நச்சுத்தன்மையால் அவை விலக்கப்பட்டு, கரிம நிறமிகள் இடம்பிடித்தன. இவற்றின் அடிமறைக்கும் திறன் குறைவு. அதனால் படலத்தைத் தடிப்பாகப் பூச வேண்டியிருக்கிறது. தடித்த படலம் சீக்கிரம் வெடிக்கும்.

வெள்ளை நிறத்தைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளிவிலகல் எண் 2.7 வரை இருப்பதால் இது ஒளியைப் பலமாகச் சிதறடிக்கிறது. இந்த நிறமி வெளுப்பதும் இல்லை, கறுப்பதும் இல்லை. வெள்ளை ஜாக்கெட்டில் மஞ்சளிப்பவை அதைச் சுற்றியுள்ள நைட்ரோசெல்லுலோஸ் மெருகு, அரோமாட்டிக் வகைப் பாலியூரித்தேன், தோலில் ஊட்டிய மீன் எண்ணெய் போன்ற பொருள்களே.

ஒளிரும் மஞ்சளும் ஒளிரும் ஆரஞ்சும் தனி இனம். இவை புறஊதா, ஊதா, நீல ஒளியை விழுங்கி, அந்த ஆற்றலைக் கண்ணுக்குப் பளிச்சிடும் அலைநீளத்தில் வெளிவிடுகின்றன. சாதாரண நிறங்களுக்கு உள்ள பிரகாச எல்லையை இதனால் தாண்டிவிடுகின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடத்தி 2004இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒளிரும் அல்லது ஒளி பிரதிபலிக்கும் உடை அணிந்த ஓட்டிகளுக்கு விபத்துக் காய அபாயம் 37 விழுக்காடு குறைவாக இருந்தது. உடையின் முன்பக்கச் சாதாரண நிறத்துக்கும் அபாயத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆனால் ஒளிரும் சாயமே மிக விரைவில் அழிவதும். அது உடைந்தபின் எஞ்சும் வெளிர்மஞ்சளுக்கு ஒளிரும் திறன் கிடையாது.

தாங்குதிறனை அளப்பது

ஒளி தாங்கும் திறனை நீலக் கம்பளி அளவுகோலால் அளக்கிறார்கள். 1 முதல் 8 வரை எண்ணிட்ட, வெவ்வேறு நீலச் சாயமிட்ட கம்பளித் துண்டுகளோடு தோலையும் ஸெனான் விளக்கொளியில் வைத்து, அது எந்தத் துண்டோடு சேர்ந்து வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் தாங்கும். எனவே 3க்கும் 6க்கும் இடையே சுமார் எட்டு மடங்கு வேறுபாடு உண்டு. உரசலுக்கு, கம்பளி ஃபெல்ட்டால் உலர்வாகவும் ஈரமாகவும் தேய்த்து, ஒட்டிய நிறத்தை 1 முதல் 5 வரையான சாம்பல் அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். மடிப்புக்கு, ஃபிளெக்சோமீட்டர் கருவியில் தோலைப் பல்லாயிரம் முறை மடித்துப் படலம் வெடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

காப்பதும் புதுப்பிப்பதும்

துவைக்கும் சோப்பு காரத்தன்மை கொண்டது. அது தோலின் அமிலச் சமநிலையைக் குலைத்து, பிணைந்த சாயத்தைத் தளர்த்தும். நடுநிலையான திரவச் சோப்பில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பது நல்லது. நனைந்த ஜாக்கெட்டை வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைக்காமல், அகன்ற ஹேங்கரில் நிழலில் உலரவிட வேண்டும். கிரீமை மெல்லியதாகத் தடவ வேண்டும். அதிகமானால் படலம் இளகி அழுக்கை ஈர்க்கும். வெள்ளையும் மஞ்சளும் கறுக்கும்.

நிறம் போன இடத்தை மறுபடி பூச முடியும். பழைய மெழுகையும் எண்ணெயையும் நீக்கி, மேற்பரப்பை மெல்லத் தேய்த்து, வெளுத்த நிறத்துக்கு ஒத்த நிறமியை மெல்லிய படலங்களாக ஸ்பிரே செய்து, மெருகிட வேண்டும். ஒரு கையை மட்டும் முதல் நிறத்துக்கு மாற்றினால் மற்றப் பகுதிகளின் வெளுப்பு துலங்கித் தெரியும். படலம் தடித்துப் போனால் தோலின் ரேகைகள் மறைந்து, பார்வைக்கு ரெக்சின் போலாகும்.

நிறத்தின் முதுமையையும் தோலின் முதுமையையும் ஒன்றாகக் கருதக் கூடாது. ஜாக்கெட் விழுந்தவரைக் காப்பது கொலாஜன் இழைகளின் வலிமையாலும் தையலின் வலிமையாலும். உராய்வு, கிழிசல், தையல் ஆகியவற்றைச் சோதிக்கும் ஐரோப்பியத் தரநிலை இ.என். 17092 பாதுகாப்பு வகுப்பை முடிவுசெய்வது இவற்றை வைத்துத்தான். வெளுத்த சிவப்பு ஜாக்கெட் முழுப் பாதுகாப்பைத் தரக்கூடும். பூச்சால் புத்தம்புதிதாகத் தெரியும் ஜாக்கெட், உள்ளே இழைகள் வறண்டிருந்தால், இழுத்தவுடன் கிழியக்கூடும். பழைய ஜாக்கெட் வாங்குபவர் காலரின் அடியில் நிறத்தையும், முழங்கை வெடிப்பில் உள்நிறத்தையும் பார்த்தபின், அக்குள் தையலை இழுத்துப் பார்ப்பதும் தோலை மடித்து அதன் நெகிழ்வைச் சோதிப்பதும் அவசியம்.